தகட்டில் தொடங்குங்கள்: கேமுக்கு உடற்கவசமும் ஹெல்மெட்டும் செய்வது

கேமுக்கு ஒரு படைவீரரைச் செய்யப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் சட்டையில்தான் தொடங்குகிறார்கள். அதன்மேல் கவசத்தை இன்னொரு சட்டை மாதிரிப் போர்த்தி, பைகளை ஒட்டி, பச்சை நிறம் அடித்து முடித்துவிடுகிறார்கள். ஆள் நேராக நிற்கும்வரை பரவாயில்லை. குனிந்தால் கவசம் றப்பர்போல மடியும், ஓடினால் பைகள் தோலோடு சேர்ந்து இழுபடும். வன்னியில் இந்தக் கேமை விளையாடப்போகும் பெடியன் சிறுவயதிலிருந்தே வீதித் தடைகளில் உண்மையான கவசத்தைக் கிட்ட நின்று பார்த்தவன். என்ன பிழை என்று விளக்கத் தெரியாவிட்டாலும், இது பொம்மை என்று உடனே சொல்லிவிடுவான்.

அவன் கண்ணில் படுவது பாரம் இல்லாமைதான். எது கனமானது, அது உடம்பில் எங்கே தொங்குகிறது, எதை அழுத்துகிறது என்பது மொடலில் தெரியவேண்டும். அதனால் சட்டையை விட்டுவிட்டு, கவசத்துக்குள் செருகும் கடினமான தகட்டில் தொடங்குங்கள்.

அமெரிக்கப் படையின் சாப்பி (SAPI) வகைத் தகட்டில் நடுத்தர அளவு 9.5 அங்குல அகலம், 12.5 அங்குல உயரம். அதாவது 241 மி.மீ, 318 மி.மீ. சிறியது 8.75க்கு 11.75. பெரியது 10.125க்கு 13.25. சந்தையில் 10க்கு 12 அங்குலத் தகடும் பரவலாக உண்டு. முப்பரிமாண சொஃப்ட்வெயாரான பிளெண்டரில் 0.241க்கு 0.318 மீற்றர் அளவில், ஏறக்குறைய 2 செ.மீ தடிப்பில் ஒரு பெட்டி வைத்து, மேல் மூலைகள் இரண்டையும் சரிவாக வெட்டுங்கள். துப்பாக்கியைத் தோளில் பதிக்கும்போது கை முன்னால் வர இடம்விடுவது அந்த வெட்டுத்தான். பிறகு குழிந்த பக்கம் உடம்பைப் பார்க்குமாறு மெல்ல வளையுங்கள். இதே பெட்டியைப் பிரதிபண்ணி முதுகுக்கும் வையுங்கள்.

உயரம்தான் அதிகம் பிழைக்கும் இடம். முன்தகட்டின் மேல்விளிம்பு தொண்டைக்குழிக்கு நேர் கீழே நிற்கவேண்டும். இதயத்தையும் அதிலிருந்து புறப்படும் பெரிய குழாய்களையும் நுரையீரலின் பெரும்பகுதியையும் மறைப்பதே அதன் வேலை. வயிற்றை மூட அது செய்யப்படவில்லை. எனவே கீழ்விளிம்பு தொப்புளுக்கு நாலைந்து விரல் மேலேயே முடிந்துவிடும். கேம் மொடல்களில் தகடு இடுப்புவரை இறங்கியிருப்பதை நிறையக் காணலாம். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்று செய்கிறார்கள். ஆனால் அப்படியொரு தகட்டோடு ஒருவராலும் குந்தியிருக்க முடியாது. தொடை தகட்டில் முட்டி, தகடு நாடியில் இடிக்கும். அந்த உயரத்தைத் திருத்தினாலே பின்னால் ரிக்கிங்கில் (மொடலை எலும்புகளோடு இணைத்து அசைய வைப்பதில்) வரும் தலையிடியில் பாதி போய்விடும்.

தகடு ஏன் மடியாது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். றைபிள் சன்னத்தைத் தடுக்கும் தகடுகள் பலவற்றில் வெளிமுகம் பீங்கான்: அலுமினா, சிலிக்கன் கார்பைட் அல்லது போரன் கார்பைட். சன்னத்தை உடைப்பது பீங்கான். உடைந்த துண்டுகளைப் பிடித்து வைப்பது பின்னால் ஒட்டிய பொலிஎதிலீன் அல்லது அராமிட் படை. அடிபட்ட இடத்தைச் சுற்றிப் பீங்கான் நொறுங்கிவிடும். ஆகவே கேமில் அடிபட்ட கவசத்தைக் காட்டும்போது தகரத்தில் ஆணி அடித்த மாதிரி ஒரு வட்டத் துளை போடாதீர்கள். வெளித்துணியில் சின்னக் கிழிசல், நூல் பிரிந்த ஓரம், உள்ளே சாம்பல்நிறத் தூள்: அவ்வளவு போதும்.

கேமில் பொருளின் விபரத்தை எழுதுபவர்களுக்கும் ஒன்று. ‘லெவல் 5 கவசம்’, ‘லெவல் 6 கவசம்’ என்று எழுதுவது கேம் வழக்கம். அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஜே (NIJ) வகுத்த கவசத் தரத்தின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் 2ஏ, 2, 3ஏ ஆகியவை கைத்துப்பாக்கிக்கான மென்கவசம். 3 என்பது 7.62 மி.மீ றைபிள் சன்னத்துக்கு, 4 என்பது கவசம் துளைக்கும் சன்னத்துக்கு. அதற்கு மேல் எண் இல்லை. 2023இல் வந்த புதிய பதிப்பில் இந்த எண்களையே எடுத்துவிட்டு, கைத்துப்பாக்கிக்கு எச்.ஜி 1, 2 என்றும் றைபிளுக்கு ஆர்.எஃப் 1, 2, 3 என்றும் மாற்றிவிட்டார்கள். இன்னொரு விடயம்: சன்னம் நின்றுவிட்டால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்பதில்லை. 2008 பதிப்பின் சோதனையில் கவசத்துக்குப் பின்னால் களிமண் வைத்துச் சுடுவார்கள், 44 மி.மீ வரை பள்ளம் விழ அனுமதி உண்டு. கவசத்தில் அடிபட்டவுடன் பாத்திரம் ஒரு கணம் மூச்சுத் திணறுவதாக அசைவு வைத்தால் அது மிகையல்ல.

பாரத்தைக் காட்டுவது

மேம்பட்ட சாப்பித் தகடு நடுத்தர அளவில் ஒன்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. முன்னும் பின்னுமாக 5 கிலோ. ஒரு சின்ன அரிசிப் பையை இரண்டு தோள்பட்டியில் தொங்கவிட்டது மாதிரி. அதோடு ரவைக்கூடுகள், தண்ணீர், வோக்கி சேர்ந்தால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். இதை மொடலில் எங்கே காட்டலாம்? தோள்பட்டி கழுத்தடித் தசையில் சற்றே புதைந்திருக்கவேண்டும். பட்டியின் இரு ஓரத்திலும் சட்டைத் துணி பிதுங்கி எழும்பவேண்டும். பக்கவாட்டு இடுப்புப்பட்டி தகட்டின் கீழ்ப்பகுதியை உடம்போடு இழுத்துப் பிடிப்பதால் அங்கே சட்டை கிடைமட்டமாகச் சுருங்கும். பட்டிக்குக் கீழே துணி விடுபட்டு வெளியே உப்பும். இந்த மூன்று இடத்தையும் சரியாகச் செதுக்கினால் கவசத்தில் வேறு அலங்காரம் தேவைப்படாது.

துணிக்குப் பிளெண்டரின் துணி சிமுலேஷனே போதும். காசு கொடுத்து வாங்கும் சொஃப்ட்வெயார் இருந்தால் வேகம் கூடும், அவ்வளவுதான். வரிசை முக்கியம். முதலில் உடம்பு, அதன்மேல் சட்டை, பிறகு கவசத்தை மோதுபொருளாக வைத்துச் சற்றுப் பெரிய அளவிலிருந்து உண்மையான அளவுக்கு மெல்லச் சுருக்குங்கள். கவசம் சுருங்கச் சுருங்கச் சட்டை தானே அக்குளிலும் இடுப்பிலும் மடிப்பு விழுத்தும். கையால் செதுக்கிய மடிப்பு இந்த அழகுக்கு வராது. மோதல் தூரம் தொடக்கத்தில் 0.015 மீற்றர், அதாவது 15 மி.மீ என்று இருக்கும். அதை அப்படியே விட்டால் சட்டை தோளிலிருந்து ஒரு விரல் தடிப்புக்கு எழும்பி நிற்கும். 0.003 முதல் 0.005 வரை குறையுங்கள். குறைத்ததும் துணி உடம்புக்குள் புகுந்தால் தூரத்தைக் கூட்டாமல், தரப் படிகளை 5இலிருந்து 12 அல்லது 15க்கு ஏற்றுங்கள். மொடலின் அளவை உறுதிப்படுத்தும் கொமாண்டை (Apply Scale) கொடுக்காமல் விட்டிருந்தாலும் இதே கோளாறு வரும்; முதலில் அதைப் பாருங்கள்.

கவசத்தின் கீழ் அணியும் சட்டை சாதாரணச் சீருடைச் சட்டை அல்ல. அதன் உடற்பகுதி பின்னல் துணி, நம் ரீசேர்ட் மாதிரி மெல்லியது, வியர்வையை இழுப்பது. கைகள் மட்டும் நெய்த தடித்த துணி. ஆகவே மடிப்பும் இரண்டு விதம்: நெஞ்சில் சின்னதாக, நெருக்கமாக, கையில் பெரிதாக, முறிந்த கோடுகளாக. நெய்த துணி பெரும்பாலும் நைலோனும் பருத்தியும் பாதிக்குப் பாதி, கிழிசல் ஓடாமலிருக்கச் சில மி.மீ இடைவெளியில் தடித்த நூல் கட்டம் போட்டது. அந்தக் கட்டத்தை, நுணுக்கங்களைச் செதுக்கும் உயர்நிலை மொடலில் செதுக்க ஒருபோதும் போகாதீர்கள். அது சிறிய டைல் டெக்ஸ்ச்சராக (திரும்பத் திரும்ப அடுக்கும் படமாக) கேம் எஞ்ஜினுக்குள் மேலே போடப்படவேண்டியது. தூரத்தில் அதை மங்கவிட வேண்டும். விடாவிட்டால் சட்டை மின்னி மின்னித் தெரியும்.

25 மில்லிமீற்றர் நாடா

கவசத்தின் முகத்தில் ஏணிப்படி மாதிரிக் கிடக்கும் நாடாவுக்கு பால்ஸ் என்று பெயர். மொலி என்பது அந்த நாடாவைப் பயன்படுத்தும் முழுச் சுமைமுறை. பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். அளவு எங்கும் ஒன்றுதான்: நாடா 1 அங்குல அகலம், வரிசைக்கு வரிசை இடைவெளி 1 அங்குலம், தையல் 1.5 அங்குலத்துக்கு ஒன்று. இந்த மூன்று எண்ணையும் மானிட்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

ஏனென்றால் மிச்சம் எல்லாம் இதிலிருந்தே வருகிறது. 241 மி.மீ அகலத் தகட்டில் 38 மி.மீ நிரல் எத்தனை நிற்கும்? ஆறு. ஒரு ரவைக்கூட்டுப் பைக்கு இரண்டு நிரல். ஆகவே முன்பக்கத்தில் மூன்று பைகள், அதற்கு மேல் இல்லை. நாலாவது பையை நெருக்கி வைக்க ஆசைப்பட்டால் அது இடுப்புப்பட்டிக்குத்தான் போகவேண்டும். உயரத்தில் கணக்குக்கு ஆறு வரிசை நிற்கும். ஆனால் மேலே பெயர்ப்பட்டை ஒட்ட வெல்க்ரோவுக்கு இடம்விடுவதால் கீழே மூன்று, நாலு வரிசைதான் மிஞ்சும்.

பை எப்படி நிற்கிறது என்பதையும் ஒருமுறை கையால் செய்து பார்க்கவேண்டும். பையின் பின்பட்டி முதலில் கவசத்தின் நாடாவுக்குள் இறங்கும், பிறகு பையின் நாடாவுக்குள், மறுபடி கவசத்தின் நாடாவுக்குள்: ஓலைப்பாய் பின்னுவது மாதிரித்தான். அப்படிப் பின்னிய பை கவசத்தோடு ஒட்டி நிற்கும், மேலே பிரிந்து ஆடாது. பைக்குப் பின்னால் நாடாவே இல்லாமல் பசைபோட்ட மாதிரி ஒட்டிய மொடல்களைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். அதைவிட மோசம், நாடா வரிசையோடு பொருந்தாமல் அரை அங்குலம் விலகி நிற்கும் பை. புதிய கவசங்கள் சிலவற்றில் நாடாவுக்குப் பதில் துணியையே லேசரால் வெட்டித் துளை விடுகிறார்கள். அளவு அதேதான்.

டெக்ஸ்ச்சரில் இந்த நாடா தரும் தொல்லை தனி. மூன்றாம் ஆள் பார்வைக் கேமுக்குச் செ.மீற்றருக்கு 10.24 பிக்சல் என்று வைத்தால், 2048 டெக்ஸ்ச்சர் ஒன்று 2 மீற்றருக்கு 2 மீற்றர் பரப்பை மூடும். கணக்குக்கு நல்லது. ஆனால் 25 மி.மீ நாடாவுக்குக் கிடைப்பது வெறும் 26 பிக்சல், 1 மி.மீ தையல் நூலுக்கு ஒரே ஒரு பிக்சல். அந்த ஒரு பிக்சலில் எந்தத் தையலையும் பேக் பண்ண (உயர்நிலை மொடலின் நுணுக்கத்தைப் படமாகப் பதிக்க) முடியாது. அழுக்குப் புள்ளிதான் வரும்.

இதற்கு வழி நாடாவுக்குத் தனி ட்ரிம் டெக்ஸ்ச்சர், அதாவது நீளவாக்கில் திரும்பத் திரும்ப வரும் பட்டைப் படம். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பலர் 1 அங்குலத்துக்கு 128 பிக்சல் என்று அழகான எண்ணில் தொடங்குவார்கள். அப்போது தையல் இடைவெளி 192 பிக்சல் ஆகிவிடும். 192 என்பது 1024ஐ மிச்சமில்லாமல் வகுக்காது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு தையல் பாதியில் அறுந்து நிற்கும். தலைகீழாகப் போடுங்கள்: தையல் இடைவெளியை 128 ஆக்குங்கள். 1024இல் சரியாக எட்டுத் தடவை வரும். நாடாவின் அகலம் 85 பிக்சல் ஆகும். அது வகுபட வேண்டிய அவசியமில்லை, ஏனென்றால் அந்தத் திசையில் டைல் ஆவதில்லை. இப்போது செ.மீற்றருக்கு 33 பிக்சலுக்கு மேல் கிடைக்கிறது. முதலாம் ஆள் பார்வைக்கும் இது தாங்கும்.

நாடாவின் தடிப்பு ஒன்றரை மி.மீ மட்டில். அது நோர்மல் மெப்பில், அதாவது மேடுபள்ளத்தை வெளிச்சத்தால் மட்டும் காட்டும் படத்தில், போகட்டும். பைகளின் வெளிக்கோடு, தோள்பட்டியின் விளிம்பு, பக்கிள் போன்றவைக்குத்தான் பொலிகன் செலவழிக்க வேண்டும். கணினிக் கேமில் முழு ஆளுக்கு 60,000 முதல் 80,000 முக்கோணம் வைத்துக்கொள்கிறோம். இங்கே பெரும்பாலானோர் விளையாடும் விலை குறைந்த அன்ட்ரொயிட் போனுக்கு 12,000ஐத் தாண்டினால் போன் சுடத் தொடங்கும்; அங்கே பக்கிளும் நோர்மல் மெப்புக்குள் போய்விட வேண்டியதுதான்.

தையலைப் பற்றிக் கேட்க வன்னியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கார்மென்ட்டுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் பார்டெக் எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள். இழுவை விழும் இடத்தில், பட்டி துணியோடு சேரும் முனையில், நெருக்கமான குறுக்குத் தையல் என்று கையாலேயே காட்டுவார்கள். பால்ஸ் நாடாவின் ஒவ்வொரு 1.5 அங்குலத்திலும் இருப்பது அந்தப் பார்டெக்தான், நேர்த்தையல் அல்ல. பெரிய ஸ்டூடியோக்களின் மொடலிலும் இது பிழைத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

மாதிரிக்கு எங்கே போவது

வீதித் தடையிலோ முகாம் வாசலிலோ நிற்கும் படையினரைப் படம் எடுக்கப் போகாதீர்கள். உருமறைப்புத் துணியையோ சீருடையையோ பார்த்துச் செய்வதற்கென்று வாங்கி வீட்டில் வைக்கவும் வேண்டாம். இந்த நாட்டில் அது பொலிஸ் நிலையத்தில் முடியக்கூடிய விடயம், வன்னியில் கேட்கவே வேண்டாம். அமெரிக்கப் படை வெளியிடும் உத்தியோகபூர்வப் படங்கள் பொதுச்சொத்து. இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. உற்பத்தியாளர்களின் அளவு அட்டவணைகளும் உண்டு. கையில் தொட்டுப் பார்க்கவேண்டியவை பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கின்றன: அதே ஓரங்குல நாடா, அதே பக்கவாட்டில் அமுக்கும் பக்கிள், அதே வெல்க்ரோ. பழைய பை ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் நாடாவின் முனை உருக்கி மூடப்பட்டிருப்பதும், மிச்ச நாடா தொங்காமல் மடித்துத் தைக்கப்பட்டிருப்பதும் தெரியும்.

இன்னொரு கவசமும் இந்த மண்ணில் தினமும் நடமாடுகிறது: மிதிவெடி அகற்றுபவர்களுடையது. முகமாலைப் பக்கம் வீதியால் போகிறவர்களுக்கு அது பழகிய காட்சி. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் சேர்ந்தது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இங்கே அகற்றும் வேலை தொடங்கிவிட்டது. உங்கள் கேமில் அப்படியொரு பாத்திரம் இருந்தால், படைவீரரின் கவசத்தை எடுத்து நிறம் மாற்றி மாட்டிவிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு ஆபத்துக்கானவை. மிதிவெடி அகற்றுபவருக்கு ஆபத்து முன்னாலிருந்தும் கீழேயிருந்தும் வருகிறது. சன்னம் அல்ல, வெடியும் சிதறலும். அதனால் பீங்கான் தகடு இல்லை. மென்கவசம் ஏப்ரன் மாதிரி முன்பக்கத்தை மூடித் தொடையடிவரை இறங்கும், முதுகில் பட்டிகள் மட்டும் குறுக்கே போகும். சர்வதேசத் தரம் கேட்பது 1.102 கிராம் சோதனைச் சிதறலுக்கு விநாடிக்கு 450 மீற்றர் வேகம் என்ற தாங்கும் அளவு. முகத்துக்குக் குறைந்தது 5 மி.மீ பொலிகார்பனேட்டுக்கு நிகரான மறைப்பு.

அந்த முகமறைப்பை வடிவாகச் செய்யவேண்டும். அதன் கீழ்விளிம்பு ஏப்ரனின் நிமிர்ந்த கொலருக்கு உள்ளே இறங்கி நிற்கும். வெளியே நின்றால் கீழேயிருந்து வரும் வெடியலை அதைத் தூக்கிவிடும். பொலிகார்பனேட் இலகுவில் கீறுபடும். வெய்யிலில் நாள்பட மஞ்சளிக்கும். ஆகவே கண்ணாடிபோலப் பளபளக்க விடாமல், துணியால் துடைத்த வளைகீறல்களைக் கரடுமுரடு மெப்பில் (பரப்பு எவ்வளவு மின்னும் என்பதைச் சொல்லும் படத்தில்) போடுங்கள். கீறல்கள் வெளிச்சத்தைச் சுற்றி வட்டமாக மின்னுவது, கிட்டப்போய்ப் பார்த்தவர்களுக்கு உடனே தெரியும் அடையாளம். விளிம்புத் தடிப்பையும் காட்டுங்கள். பூச்சியக் கனத்தில் விட்டால் பொலித்தீன் தாள்போல இருக்கும். கிட்டப்போய் என்றேன், குறியிட்ட எல்லைக் கம்புகளைத் தாண்டி அல்ல.

ஹெல்மெட்

ஹெல்மெட்டில் எல்லாரும் விடும் பிழை ஒன்றுதான்: சிறிதாகச் செய்வது. தொப்பிபோலத் தலையோடு ஒட்ட வைத்தால் வடிவாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே மெத்தைகள் இருக்கின்றன. 2000களில் அமெரிக்கப் படைக்கு வந்த ஏ.சி.எச் ஹெல்மெட்டில் ஏழு மெத்தைகள்: உச்சியில் வட்டமாக ஒன்று, முன்னும் பின்னும் ஒவ்வொன்று, பக்கங்களில் நாலு. மெத்தை ஏறக்குறைய 19 மி.மீ, ஓடு 8 மி.மீ. கூட்டினால் ஒரு பக்கத்துக்கு 27 மி.மீ. தலையின் அகலம் 15.5 செ.மீ என்றால் ஹெல்மெட் 21 செ.மீற்றருக்குக் கிட்ட வரவேண்டும். தனியே பார்க்கும்போது பூசணிக்காய் மாதிரித் தெரியும். கவசம் போட்ட உடம்பில் வைத்துப் பாருங்கள், அளவு சரியாக இருக்கும்.

முன்விளிம்பு புருவத்துக்கு ஒரு விரல் மேலே. நாடிப்பட்டி நாலு இடத்தில் ஓட்டோடு சேரும். இரண்டு இடம் மட்டும் வைத்தால் ஓடும்போது ஹெல்மெட் கண்ணை மூடும், அது மோட்டர்சைக்கிள் ஹெல்மெட்டின் வழக்கம். காது மூடிய பழைய வடிவமா, காதுக்கு மேலே வெட்டிய புதிய வடிவமா என்பதை முதலே முடிவெடுங்கள். மேலே வெட்டியதன் காரணம் காதில் போடும் ஹெட்செட். ஹெட்செட் இல்லாத ஆளுக்கு அந்த ஹெல்மெட்டை மாட்டினால் காது அம்மணமாக நிற்கும். முன்னால் இரவுக்கண்ணாடி மாட்டினால் பின்னால் எதிர்ப்பாரப் பை ஒன்று வையுங்கள். முன்பாரம் கழுத்தை இழுக்கும் என்பதால் உண்மையிலும் அப்படித்தான் வைக்கிறார்கள். 

பெண் பாத்திரம் என்றால் கொண்டையை உச்சியில் வைக்காதீர்கள், மெத்தைக்கு இடமிராது. பின்னலைப் பிடரியில் தாழ்வாகக் கட்டுங்கள். கவசத்தையும் மார்பு வடிவத்தில் அச்செடுக்க வேண்டாம். தகடு ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வளைவுதான். பெண்ணுக்குத் தகட்டின் மேல்பகுதி சற்று முன்சாய்ந்து நிற்பதும் பக்கப்பட்டியின் நீளமுமே மாறும். 

எலும்பும் தோலும்

ரிக்கிங்கில் விதி சுருக்கமானது. முன்தகடும் பின்தகடும் அவற்றின் மேலுள்ள பைகளும் நெஞ்சுப்பகுதி முதுகெலும்பு ஒன்றுக்கே முழு வெயிட்டில் (எலும்பு அதை இழுக்கும் பங்கு) போகவேண்டும், 1.0 என்று. பகிர்ந்து கொடுத்தால் தகடு வளையும். தோள்பட்டி மட்டும் நெஞ்சுக்கும் தோள் எலும்புக்கும் பகிரப்படும், தோளுக்கு 0.3க்கு மேல் கொடுத்தால் கையைத் தூக்கும்போது பட்டி காதுக்கு ஏறும். இடுப்புப்பட்டி கீழ் முதுகெலும்பில் பாதி. ஹெல்மெட்டுக்கு வெயிட்டே வேண்டாம், தலை எலும்பில் சொக்கெட் வைத்து மாட்டுங்கள். கவசத்துக்கு அடியில் மறையும் சட்டையின் முகங்களை அழித்துவிடுங்கள். முக்கோணமும் மிச்சம், சட்டை வெளியே துருத்துவதும் நிற்கும். கவசத்தைக் கழற்றக்கூடிய கேம் என்றால் அழிக்காமல் மறைக்கும் மாஸ்க்.

சோதிக்க நிற்கும் நிலை உதவாது. இரண்டு கையும் தலைக்கு மேலே, றைபிள் கன்னத்தில், குந்தியிருப்பது, குப்புறப் படுப்பது, உடம்பைப் பக்கவாட்டில் 45 பாகை திருப்புவது: இந்த ஐந்தையும் ஒரே அசைவுக் கோப்பாக வைத்து ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓடவிடுங்கள். குப்புறப் படுக்கும்போது முன்பைகள் நிலத்துக்குள் போகும். அதற்குப் பையைச் சிறிதாக்கத் தேவையில்லை, உடம்பை 4 செ.மீ உயர்த்துங்கள், உண்மையிலும் பைமேல்தான் ஆள் படுத்திருப்பார்.

பேக் பண்ணுவதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பேக்குக்கு முன்பே, கேமுக்குள் போகும் தாழ்நிலை மொடலை முக்கோணமாக்குங்கள். அன்ரியல் எஞ்ஜினுக்குப் போனால் நோர்மல் மெப்பின் பச்சைச் சனலைத் திருப்புங்கள், யூனிட்டிக்கு வேண்டாம். திருப்ப மறந்தால் தையல் எல்லாம் பள்ளத்துக்குப் பதில் மேடாகத் தெரியும். நிழல், கரடுமுரடு, உலோகம் மூன்றையும் ஒரே படத்தின் மூன்று சனலில் அடைத்தால் அந்தப் படத்துக்கு எஸ்.ஆர்.ஜி.பி (sRGB) நிறத்திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் நைலோன் முழுக்க எண்ணெய் பூசியதுபோல மின்னும். 4096 அளவில் மொத்தமாகப் பேக் போட்டுவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனால் கரண்ட் போகும். பகுதி பகுதியாகப் போடுங்கள், ஹெல்மெட் தனி, கவசம் தனி, துணி தனி.

நிறமும் மண்ணும்

கறுப்பு நைலோன் முழுக் கறுப்பு அல்ல. 0 கொடுக்காதீர்கள், 255இல் 35, 45 அளவில் வையுங்கள். கரடுமுரடு 0.8க்கு மேல். பக்கிள் பிளாஸ்டிக்குக்கு 0.45. துணியில் உலோகம் எங்கும் பூச்சியம்.

பிரபலமான உருமறைப்பு வடிவங்கள் சிலவற்றுக்குப் பதிப்புரிமையும் வணிகக்குறியும் உண்டு. பிரதிபண்ணாமல் நீங்களே ஒன்றை வரையுங்கள். வன்னிப் பற்றைக்காட்டை இரண்டு தடவை படம் எடுங்கள், ஆவணி வெய்யிலில் ஒருக்கால், மாரிக்குப் பிறகு ஒருக்கால். ஆவணியில் பச்சையைவிட மண்ணிறமும் சாம்பலும்தான் அதிகம். அந்தப் படங்களை 8 நிறத்துக்குக் குறைத்தால் உங்கள் நிறத்தட்டு வந்துவிடும். பெரிய திட்டு ஒரு உள்ளங்கை அளவு, அதற்குள் சின்னது விரல்நுனி அளவு. சின்னத் திட்டு மட்டும் போட்டால் தூரத்தில் எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும், ஆள் தனியாகத் தெரிவார்.

அழுக்கில்தான் இடம் தெரியும். ஏ9இலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் வீதியின் சிவப்புத் தூசி மேல்நோக்கிய பரப்பில் படியும்: தோள், ஹெல்மெட் உச்சி, பைகளின் மூடி, சப்பாத்தின் மேல். அது துணியின் இழைக்குள் போய்த் தங்கும், தட்டினாலும் முழுக்கப் போகாது. முருங்கன் பக்கக் கறுப்புக் களி வேறு விதம். நனைந்தால் கட்டியாக ஒட்டும், காய்ந்தால் வெடித்து உதிரும். ஆகவே முழங்காலிலும் சப்பாத்திலும் உயரம் கொடுத்துச் செய்யவேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரை மணல் கறைபடுத்தாது; பொக்கற் மூலையிலும் வெல்க்ரோவிலும் மட்டும் சேரும். மூன்றையும் ஒரே பிறவுண் நிறத்தால் பூசுவது சோம்பல்.

வியர்வையை மறந்தால் இந்த வெய்யிலுக்குப் பொருந்தாது. நனைந்த இடம் கருமையாகும், கரடுமுரடு குறையும். தகட்டுக்கு அடியில் காற்றே போகாது என்பதால் கவசத்தின் விளிம்பைச் சுற்றியும் முதுகின் நடுக்கோட்டிலும்தான் முதலில் நனையும். காய்ந்தால் ஓரத்தில் வெள்ளையாக உப்புக்கோடு நிற்கும். அந்தக் கோட்டை மெல்லிய ஒரு மாஸ்க்கில் போட்டாலே போதும்.

சின்னங்கள் விடயத்தில் எங்கள் முடிவு: உண்மையான எந்தத் தரப்பின் இலச்சினையும் கொடியும் படைப்பிரிவுப் பட்டையும் வேண்டாம், கற்பனைப் படை ஒன்றுக்குப் புதிதாக வரையுங்கள். இந்த ஊரில் அது ஆளை ஆள் குத்தும், கேமைப் பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடும். மருத்துவப் பையில் வெள்ளையில் செஞ்சிலுவையும் போடாதீர்கள். அது 1949 ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட சின்னம், கேமில் அலங்காரமாகப் பயன்படுத்த அனுமதி இல்லை. பச்சையில் வெள்ளைச் சிலுவை முதலுதவிக்கான பொதுக்குறி, அதைப் போடலாம். பையை இடுப்புப்பட்டியில், இடக்கையாலும் வலக்கையாலும் எட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். ஒரு கை அடிபட்டால் மற்றக் கையால் எடுக்கவேண்டும். இரத்தப்போக்கை நிறுத்தக் கட்டும் பட்டி பைக்குள் இல்லாமல் வெளியே, ஒரே இழுவையில் வரும்படி றப்பர் வளையத்தில் மாட்டியிருக்கட்டும்.